நாற்பதாவது கேனில் உட்கார்ந்த வண்டி

போன சித்திரையில் ஒரு ராத்திரி, ஆட்டையாம்பட்டி பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த பஸ் விடாமல் லைட் அடித்தது. நான் டிம்மில்தானே வருகிறேன், இவருக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். பின்னாலேயே வந்த காரும் அடித்தது. மூன்றாவதாக ஒரு பைக்காரர் வண்டியை ஓரம் கட்டி, "ஏனுங்க, இப்படி மூஞ்சியில அடிச்சா எதுக்க வர்றவன் எந்தக் குழியில போய் விழறது?" என்று கேட்டேவிட்டார்.

இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். டிம்தான். ஆனால் வெளிச்சம் ரோட்டில் இல்லை, தள்ளி நின்ற புளியமரத்தின் கொப்பில் இருந்தது. பின்பக்கம் வந்து டார்ச் அடித்தால் இடது டயருக்கும் பாடிக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. பாரம் தாங்காமல் பின்னங்கால் மடித்த மாடு மாதிரி நின்றது வண்டி. அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. ரொம்ப நாளாகவே ஸ்டியரிங் லேசாகச் சுற்றுகிறது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். முன் சக்கரத்தில் பாரமே இல்லாமல் சுற்றியதைப் பவர் ஸ்டியரிங் மாதிரி இருக்கிறது என்று பெருமையடித்திருக்கிறேன்!

வண்டி 2009 மாடல் பொலிரோ பிக்கப். 2017-ல் சங்ககிரியில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முந்தைய ஓனர் ஹாலோ பிளாக் கல் ஓட்டியவர் என்று புரோக்கர் சொல்லவில்லை. பாடி இடுக்கில் இறுகிக் கிடந்த சிமென்ட் சொன்னது. வாங்கும்போதே பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு ராசிபுரத்தில் கேன் தண்ணீர் வியாபாரம். இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு, லோடு எவ்வளவு என்று எடை மேடையில் ஏறாமலே தெரியும். 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ. காலிக் கேன் ஏறக்குறைய 700 கிராம். 60 கேன் ஏற்றினால் 1,242 கிலோ. என் வண்டியின் ஆர்.சி.யில் இருக்கும் எடைக் கணக்குக்கு அதுதான் எல்லை. பங்குனி, சித்திரை வெயிலில் நான் ஏற்றியது 84. கணக்குப் போட்டால் 1,740 கிலோவைத் தொடும். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் மறைத்துவிட்டு வண்டியைக் குறை சொல்வது நியாயமில்லை.

மறுநாள் மெக்கானிக்கிடம் விட்டேன். கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. "பட்டை உக்காந்துருச்சுங்ணா. தட்டி விட்டா எந்திரிச்சிரும்." பட்டை என்றால் லீஃப் ஸ்பிரிங், பின்பக்கப் பாரத்தைத் தாங்குவதற்காக ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புத் தகடுகள். கழற்றிக்கொண்டு போய்த் தட்டிக்கொண்டு வந்தார். 1,800 ரூபாய். வண்டி இரண்டு விரல் உயரம் எழுந்தது. எனக்கு ஒரே குஷி. பொண்டாட்டியைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திக் காட்டினேன். அவள் எழுந்ததைப் பார்க்கவில்லை, "1,800-ஆ?" என்றாள்.

ஆவணி முகூர்த்தம் முடிந்து புரட்டாசி பிறப்பதற்குள் பழையபடி உட்கார்ந்துவிட்டது. ஐந்து மாதம்கூட முழுசாகத் தாங்கவில்லை.

பிறகு ஆளாளுக்கு யோசனை. மச்சான் சொன்னது, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு இரும்புக் கட்டை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற யூ போல்ட்டைப் போட்டுவிடு, செலவே இல்லை. இன்னொருவர் பட்டையின் நுனியை வண்டியோடு இணைக்கிற சாக்கிளை நீளமாக அடித்துப் போடச் சொன்னார். இரண்டிலும் பாடி உயரும், பட்டை அப்படியே கிடக்கும். அதோடு ஆக்சில் நிற்கும் சாய்வு மாறினால் இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் சாஃப்டின் மூட்டு உதற ஆரம்பிக்கும் என்று ஒரு லாரி டிரைவர் சொல்லிவைத்ததால் மச்சானிடம் "பாக்கலாம் மாப்ளே" என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். வெல்டிங் கடைக்காரர் ஒருத்தர் ஒன்றும் பார்க்காமலேயே "எதாச்சும் உடைஞ்சிருந்தா கொண்டா, ஒட்டித் தர்றேன்" என்றார். அவரைப் பற்றிப் பிறகு.

கடைசியில் நாமக்கல்லில் பட்டை வேலை மட்டுமே செய்கிற ஒரு பட்டறைக்குப் போன் போட்டேன். நாமக்கல் லாரி ஊர், லாரிக்கு எது வேண்டுமானாலும் ஒரு தெருவில் கிடைக்கும். போனை எடுத்த மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும் என்று குரலே சொன்னது. நான் ராமாயணம் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி.

"தம்பி, உயரம் போச்சுங்களா, வலு போச்சுங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே அண்ணா?"

"அதெப்படிங்க ஒண்ணாவும்? அளந்துட்டு வாங்க." போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. எதை அளப்பது, எப்படி அளப்பது? இரண்டு நாள் அந்தக் கேள்வி தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பிளாண்டில் லோடு ஏற்றும்போது, "ஒன்பது, பத்து, பதினொண்ணு" என்று பையன் எண்ணிக்கொண்டிருந்தான். அப்போதுதான் உறைத்தது. என்னிடம் எடைக்கல் இருக்கிறது. ஒவ்வொன்றும் 20 கிலோ 700 கிராம்!

மகளின் ஸ்கூல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். பிளாண்டின் சிமென்ட் தரை சமமாக இருக்கும், அது முக்கியம். சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஒரு ரப்பர் ஸ்டாப்பர் தொங்கும், வண்டி அதிகமாக இறங்கினால் ஆக்சில் அதில் போய் முட்டும். அந்த ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். தரையிலிருந்து பாடி உயரத்தை அளந்தால் டயர் நசுங்குவதும் சேர்ந்துவிடும், அதனால் இந்த இடம். காலி வண்டிக்கு வலது 88 மில்லிமீட்டர், இடது 71.

பிறகு பத்துப் பத்துக் கேனாக, இரண்டு பக்கமும் சமமாக வருகிற மாதிரி ஏற்றச் சொன்னேன். ஒவ்வொரு பத்துக்கும் படுத்து அளந்தேன். பையன் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பிளாண்ட் வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டிருந்தது கீழே கேட்டது.

10 கேனில் வலது 74, இடது 53. 20 கேனில் 60, 35. 30 கேனில் 46, 17. நாற்பதாவது கேன் ஏறியபோது வலதில் 32 மில்லிமீட்டர் பாக்கி. இடதில் ஒன்றுமே இல்லை. ஆக்சில் ரப்பரில் உட்கார்ந்துவிட்டது.

அதாவது நான் 84 கேன் ஏற்றிக்கொண்டு ஓடிய காலமெல்லாம் இடது பக்கம் ஸ்பிரிங்கே இல்லாமல், ஒரு துண்டு ரப்பரில்தான் ஓடியிருக்கிறது.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்தேன். காலியில் இடது பக்கம் 17 மில்லிமீட்டர் தாழ்வு, அது கண்ணாலேயே தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று சீட்டில் இருந்தது. பத்துக் கேனுக்கு வலது பக்கம் 14 இறங்குகிறது, இடது பக்கம் 18 இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் அப்படியே. மேஸ்திரி கேட்டது இதைத்தான். எங்கிருந்து இறங்க ஆரம்பிக்கிறது என்பது உயரம். ஒரு பாரத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்பது வலு. வலது பக்கத்தின் நோய் வேறு, இடது பக்கத்தின் நோய் வேறு.

மறுபடி போன் போட்டு எண்களைச் சொன்னேன். "இடது பக்கம் ஒரு பட்டை ஒடைஞ்சிருக்குதுங்க. வாங்க" என்றார். வண்டியைப் பார்க்காமலே.

வியாழக்கிழமை போனேன். யூ போல்ட் நட்டுகள் துரு ஏறிப் பிடித்துக்கொண்டதால் கேஸில் அறுத்தார்கள். எப்படியும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாதாம், ஒரு தடவை இழுத்து முறுக்கியது மறுதடவை அந்தப் பிடி கொடுக்காது. பட்டை அடுக்கை வைஸில் கடித்து வைத்துத்தான், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றினார்கள். அப்படியே கழற்றினால் அமுங்கிக் கிடந்த பட்டைகள் தெறித்து விரியும்.

ஐந்து பட்டை. மேலிருந்து மூன்றாவது, சென்டர் போல்ட் துளையில் இரண்டாக நின்றது. உடைந்த முகத்தை மேஸ்திரி வெயிலில் காட்டினார். முக்கால்வாசி செந்துரு, ஓரத்தில் கொஞ்சம் மட்டும் வெள்ளியாக மினுங்கியது. "இந்தத் துரு எப்பவோ விட்ட விரிசலுங்க. இந்த வெளுப்பு இப்ப ஒடைஞ்சது." எப்பவோ என்றால் எனக்கு முன்னாலேயே இருக்கலாம், ஹாலோ பிளாக் காலத்திலேயே.

ஐந்தில் ஒன்று வேலை செய்யாவிட்டால் மிச்ச நான்கும் அதன் பாரத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும். 14-ஐ ஐந்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் பதினேழரை. நான் ஸ்கேலில் பார்த்தது 18. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் 41 வாங்கியவன் நான். பட்டறை நடுவில் நின்று அன்றைக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தேன்.

நான்காவது பட்டைதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதன் மேல் முகத்தில் வரிசையாகச் சுத்தி விழுந்த தழும்புகள், என் 1,800 ரூபாய். ஒரு தழும்பிலிருந்து மயிரிழை மாதிரி விரிசல் ஓட ஆரம்பித்திருந்தது. பட்டையைத் தட்டுவது என்றால், இரண்டு நுனியையும் தாங்கலில் வைத்து, குழிந்த பக்கத்தில் நடுவாக அடித்து வளைவைக் கூட்டுவது. வண்டியில் அது மாட்டியிருக்கும்போது பாரம் அந்த வளைவை நிமிர்த்தப் பார்க்கும். அப்போது இழுபடுவது அதே குழிந்த பக்கம், மேல் முகம். எந்த முகம் இழுவையைத் தாங்க வேண்டுமோ அதில்தான் சுத்தியால் குழி போட்டுக் கொடுத்திருக்கிறோம். இழுபடும் இரும்பில் குழி இருந்தால் விரிசல் அங்கேதான் வாய் திறக்கும்.

கம்பெனியில் பட்டை செய்யும்போது இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். செக்கச்செவேலென்று காய்ச்சி, வளைவு கொடுத்து, எண்ணெயில் முக்கி இறுக்குகிறார்கள். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும் என்பதால் மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்துகிறார்கள். பிறகு இழுபடும் முகத்தில் பொடி இரும்புக் குண்டுகளை வேகமாக வீசி அடிக்கிறார்கள். அந்த அடி மேல் தோலை நெருக்கி வைக்கிறது, விரிசல் திறப்பதற்கு முன்னால் அந்த நெருக்கத்தைத் தாண்ட வேண்டும். குண்டடி ஆயுளைக் கூட்டுகிறது, சுத்தியடி குறைக்கிறது. காய்ச்சாமல் பச்சையாகத் தட்டி ஏற்றிய வளைவை லோடு பழையபடி நிமிர்த்திவிடும். மேஸ்திரியும் தட்டிக் கொடுப்பவர்தான், மறைக்கவில்லை. "காசில்லாதவங்க கேப்பாங்க, தட்டிக் குடுப்பேன். தீபாவளி தாண்டாதுன்னு சொல்லித்தான் குடுப்பேன்."

வெல்டிங்காரர் விஷயமும் அங்கேயே முடிந்தது. எண்ணெயில் முக்கிப் பதமாக்கிய இரும்பை வெல்டிங் சூட்டில் காட்டினால் அந்த இடத்தில் பதம் போய்விடும். ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். கேஸ் சூட்டில் வளைத்துவிட்டாலும் இதே கதைதான்.

புது செட்டு எடுக்க முடிவானது. ஹரியானா யமுனா நகரில் தொடங்கி இப்போது சென்னைப் பக்கமும் ஆலை வைத்திருக்கிற ஜாம்னா கம்பெனி செட்டு அந்தத் தெருவிலேயே கிடைத்தது. இடதுக்கு மட்டும் மாற்றினால் போதாதா என்று இழுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழசும் போட்டால் வண்டி நொண்டி நடக்கும் என்று மறுத்துவிட்டார். இரண்டு பக்கமும் பட்டை, யூ போல்ட், புஷ், சாக்கிள் பின், கூலி எல்லாம் சேர்ந்து 20,000-ஐ நெருங்கியது.

இந்த இடத்தில் என் பேராசை தலை காட்டியது. இவ்வளவு செலவு செய்கிறோமே, ஒரு பட்டை கூடப் போட்டால் 84 கேன் சுளுவாக ஏறுமே என்று கேட்டேன். அதுவும் சும்மா பட்டை இல்லை, அடுக்கில் இருப்பது 8 மில்லிமீட்டர், எனக்கு 10 மில்லிமீட்டர் வேண்டும். மேஸ்திரி சிரித்தார். "போட்டுக் குடுக்கிறேன். கழட்டறதும் நான்தான், கூலி ரெண்டு தடவை." எனக்குப் புரிந்தும் புரியாத மாதிரி நின்றேன். போட்டார்.

மாட்டும்போது ஒரு விஷயம் கவனித்தேன், இதைப் பல இடத்தில் தப்பாகச் செய்கிறார்கள். பட்டை நுனியில் சுருட்டியிருக்கும் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கக் கூடாது. தொங்கும் நிலையில் ரப்பரைக் கடித்துப் பிடித்துவிட்டால், இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்று, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் இறுதி இறுக்கம். யூ போல்ட் நட்டுகளையும் ஒரு பக்கமாக முறுக்காமல் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள்.

அடுத்த மூன்று வாரத்தை எப்படிச் சொல்வது? லோடு இருக்கும்போது வண்டி ராஜா மாதிரிதான் போனது. பத்துக் கேனுக்கு 10 மில்லிமீட்டர்தான் இறங்கியது. பட்டையின் வலு, தடிமனை அதனாலேயே பெருக்கி, மறுபடியும் அதனாலேயே பெருக்குகிற கணக்கில் ஏறுகிறது. 8-ஐ 10 ஆக்கினால் காரியம் கால் பங்கு கூடுவதில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அந்த ஒரு பட்டை இரண்டு பட்டை வேலையைச் செய்தது.

ஆனால் கேன் வியாபாரத்தில் வண்டி பாதி நாள் காலிக் கேனோடு திரும்பி வரும். 84 காலிக் கேனும் சேர்ந்து 60 கிலோகூட வராது. அந்த எடைக்கு என் பட்டைகள் அசையவே இல்லை. ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் நேராக என் முதுகெலும்புக்கு வந்தது. கேன்கள் பின்னால் உறுமி மேளம் அடித்தன. புதுச்சத்திரம் அருகே ஒரு வேகத்தடையில் இரண்டு கேன் வெளியே பறந்து, ஒன்று டீக்கடை பெஞ்சில் போய் விழுந்தது. நல்லவேளை, பெஞ்சு காலி. டீக்கடை அக்கா, "தண்ணி கேன் வந்து எறங்குதே, நான் ஆர்டரே குடுக்கலியே" என்றார். அவமானம்தான், ஆனால் சொன்ன விதம் நன்றாக இருந்தது.

அதைவிடப் பயமுறுத்தியது ஆண்டகளூர் கேட். முழு லோடோடு போகும்போது முன்னால் போன கார் திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன், வண்டி மூக்கை மட்டும் குத்திக்கொண்டு நீளமாகப் போய் நின்றது. பின் பிரேக் சும்மா இருந்த மாதிரி உணர்வு. இடிக்கவில்லை, ஒரு முழம் இருந்தது.

பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி ஓடும், அதன் நுனியில் ஒரு வால்வு. எல்.எஸ்.பி.வி. என்பார்கள், லோடு வால்வு என்று சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து எவ்வளவு லோடு இருக்கிறது என்று அது கணிக்கிறது. தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்து நின்றால், காலி வண்டி, பின் சக்கரம் வழுக்கிவிடும் என்று குறைக்கும். உயரமான புதுப் பட்டையையும் விறைப்பான கூடுதல் பட்டையையும் போட்டு அந்த வால்வை நான் ஏமாற்றியிருக்கிறேன். 84 கேன் ஏறிய வண்டியைக் காலி வண்டி என்று அது நம்பியிருக்கிறது.

நாலாம் வாரம் நாமக்கல் போய் நின்றேன். மேஸ்திரி என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பையனிடம் 24 ஸ்பேனரை எடுத்து வரச் சொன்னார்.

10 மில்லிமீட்டர் பட்டையை உருவினார்கள். கம்பியைப் புது உயரத்துக்குத் தகுந்தபடி சரிசெய்து வால்வையும் பார்த்துக் கொடுத்தார்கள். எல்.எஸ்.பி.வி. இருக்கிற வண்டியில் பட்டையில் கை வைத்தால் அந்தக் கம்பியையும் பார்த்தே ஆக வேண்டும், இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவில் பாதி எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி இரண்டாம் தடவை. கொடுத்தேன்.

திரும்பி வந்து மறுபடி ஸ்கேல், மறுபடி கேன். காலியில் வலது 131, இடது 130. 60 கேனில் வலது 47, இடது 46. பத்துக் கேனுக்கு 14.

இந்த 14-ஐப் பார்த்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பழைய வலது பட்டையும் பத்துக் கேனுக்கு 14-தான் இறங்கியது. ஹாலோ பிளாக், என் 84 கேன், சுத்தியடி எல்லாம் பார்த்துவிட்ட பட்டை, புதுப் பட்டையின் வலுவிலேயே இருந்திருக்கிறது. 43 மில்லிமீட்டர் குனிந்ததே ஒழிய இளகவில்லை. இரும்பு அப்படித்தானாம். ஒரு பட்டை எவ்வளவு விறைப்பு என்பது அதன் நீளம், அகலம், தடிமன், எத்தனை பட்டை என்பதைப் பொறுத்தது. வளைவு போனாலும் அது மாறுவதில்லை. உசத்தியான ஸ்பிரிங் ஸ்டீல் வாங்கினாலும் விறைப்பு கூடாது. அதிகம் வளைந்தும் திரும்பி நிமிரும் தாக்குப்பிடிப்புத்தான் கூடும். "பட்டை சாஃப்டாயிருச்சு" என்று நாம் எல்லோரும் வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே, என் வண்டியில் வலது பக்கத்துக்கு அது பொய், இடது பக்கத்துக்கு உடைந்த ஒன்றால் மெய்.

இப்போது 60 கேனுக்கு மேல் ஏற்றுவதில்லை. திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடு அபராதம் 20,000, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. ஒரு தடவை மாட்டினால் ஒரு செட்டுப் பட்டை போச்சு. பட்டையைத் தடித்ததாகப் போட்டாலும் ஆர்.சி.யில் உள்ள எடை மாறாது. ஆக்சில், வீல் பேரிங், டயர், பிரேக் ஒன்றும் தடிக்கவில்லை. சீசனில் இன்னொரு நடை போகிறேன், டீசல் கூடத்தான் ஆகிறது. பையனுக்கு மட்டும் வருத்தம், ஒரு நடைக்கு ஒரு டீ என்பது மாறி இரண்டு நடைக்கு ஒரு டீ என்று ஆக்கிவிட்டேன் என்கிறான்.

புதுசாகப் போட்டு 200 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கச் சொல்லியிருந்தார்கள். ஸ்பேனர் வைத்தால் இடது பின் நட்டு கால் சுற்று சுற்றியது. பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து அமரும்போது இந்த இடம் விடுவது வழக்கமாம். விட்டிருந்தால் சென்டர் போல்ட்தான் அடுத்துப் போயிருக்கும். சென்டர் போல்ட் போனால் ஆக்சில் நகர்ந்து வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும். அப்படி ஓடும் லாரிகளைப் பின்னாலிருந்து பார்த்திருப்பீர்கள்.

பழைய பட்டைகளைக் காயலான் கடையில் போட மனசில்லை. எங்கள் பக்கத்துக் கொல்லரிடம் கொண்டுபோனேன், லாரிப் பட்டையில் அடித்த கொடுவாளுக்கு ஈடு கிடையாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் ஒவ்வொன்றையும் தூக்கிச் சின்னச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிக் காதில் வாங்கினார். இடதின் நான்காவது பட்டை மட்டும் மற்றதைப் போல் கணீரென்று சொல்லவில்லை, மண்பானை மாதிரி சொன்னது. விரிசலைக் காட்டாமலே அதைத் தனியாக ஒதுக்கினார். மற்றதில் ஒரு கொடுவாள் மாமியாருக்கு, ஒன்று வீட்டுக்கு. கூலிக்குப் பதில் மிச்சப் பட்டையை எடுத்துக்கொண்டார். 10 மில்லிமீட்டர் பட்டை திண்ணையோரம் கிடக்கிறது. மச்சான் அதன் மேல் கண் வைத்திருக்கிறார், தன் வண்டிக்குப் போடப் போகிறாராம். டீக்கடை பெஞ்சுக் கதையைச் சொல்லியும் கேட்கவில்லை.

நேற்று மறுபடி அளந்தேன். வலது 129, இடது 128. புதுப் பட்டை முதல் சில மாதம் கொஞ்சம் உட்காரும் என்று மேஸ்திரி முன்னாலேயே சொல்லியிருந்தார், அதனால் பயமில்லை. படுத்தபடியே பார்த்தால் வலது ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கிறது. தகுதிச் சான்று வாங்கும் எஃப்.சி.க்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, அதற்குள் மாற்ற வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.